ஐப்பசிக்குள் முளைத்துவிடும்

அருப்புக்கோட்டை
9.6.2024

மதனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது.

போன வாரம் நீ போனில் கத்தியது பக்கத்து வீட்டு முருகலட்சுமிக்குத்தான் கேட்டது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முப்பது வருஷம் மில்லில் ஸ்பின்னிங் மெஷின் பக்கத்தில் நின்ற காது, இனி என்ன வேலை செய்யும்? உன் அம்மா இருந்தவரை நீ சொல்வதை அவள் கேட்டு, என் முகத்துக்கு நேரே வந்து வாயசைத்துச் சொல்வாள். இனிமேல் கடிதமே போடு. காது மெஷினைப் பற்றி எழுதாதே. அதை மாட்டினால் மறுபடியும் மில்லுக்குள் போன மாதிரி இரைகிறது.

ஒரு விஷயம். பங்குனியில் அவள் போனதிலிருந்து தினமும் காலையில் மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கை சோறு வைக்கிறேன். காக்கா வரும், தின்னும், போகும். கொஞ்ச நாளாக ஒரு மைனா வருகிறது. அதற்குத் தலையில் ஒரு இறகு கிடையாது. மூக்குக்கு மேலிருந்து கழுத்து வரை வெறும் தோல். மஞ்சள் தோல். காக்காவெல்லாம் கிளம்பிய பிறகுதான் வரும். தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும். நானும் பார்ப்பேன். அது கொத்த ஆரம்பித்ததும் நானும் தட்டை எடுத்துக்கொள்வேன்.

நீ கோழி ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன். உன்னிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

வேளைக்குச் சாப்பிடு.
அப்பா


நாமக்கல்
16.6.2024

அப்பாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று எழுதுங்கள். 'உடம்புக்கு ஒன்றுமில்லை' என்பது பதில் இல்லை.

நான் வேலை பார்ப்பது கோழி ஆஸ்பத்திரி இல்லை, பரிசோதனைக் கூடம். இங்கே செத்த கோழிதான் வரும். இதைப் பத்துத் தடவை சொல்லியாயிற்று.

மைனா விஷயம் சாதாரணம். இங்கே பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசலிலேயே ரெண்டு மூன்று மொட்டை மைனா திரிகிறது. கோழிக்குச் செல்லு பிடிக்கும் என்போமே, அதே மாதிரி கண்ணுக்குத் தெரியாத பூச்சி. பறவை உடம்பு முழுக்க அலகால் கோதிச் சுத்தம் பண்ணிக்கொள்ளும். அதன் அலகு எட்டாத ஒரே இடம் அதன் தலை. அதனால் அங்கே மட்டும் பூச்சி தங்கி இறகு கொட்டுகிறது. பயப்பட ஒன்றுமில்லை, அதற்கு ஒரு கஷ்டமும் கிடையாது. குஞ்சு பொரித்து முடித்ததும் எல்லா மைனாவும் பழைய இறகை உதிர்த்துப் புதுசு போடும். அப்போது இதற்கும் ஐப்பசிக்குள் முளைத்துவிடும்.

இதை எழுத உட்கார்ந்ததற்குப் பதில் நீங்கள் இங்கே கிளம்பி வருவதைப் பற்றி எழுதியிருக்கலாம். ரெண்டு ரூம் வீடு. நான் ஒருத்தன்தான். யோசிக்க என்ன இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மதன்குமார்


அருப்புக்கோட்டை
27.6.2024

மதனுக்கு. உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ சுகமாக இருப்பது தெரிந்து நிம்மதி. மாத்திரை இருக்கிறது.

முருகலட்சுமி துணி காயப்போட மாடிக்கு வந்தவள் மைனாவைப் பார்த்துவிட்டாள். என் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாள்.

"ஏன் மாமா, ஊர்ல எல்லார் வீட்டுலயும் செத்தவுக காக்காவாத்தான் வாராக. எங்க அத்தை மட்டும் மைனாவாவா வந்துருக்காக?"

"உங்க அத்தைக்குக் காக்கா கலரு பிடிக்காதுத்தா" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அதன் தலையைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். அவளும் பார்த்தவள்தானே.

நீ பார்க்கவில்லை. மதுரையில் ரெண்டாவது தடவை மருந்து ஏற்றி வந்த பிறகு சீப்பு வைத்த இடமெல்லாம் முடி கையோடு வந்தது. மிச்சத்தையும் வழித்துவிடச் சொன்னாள். என் ஷேவிங் செட்டால் நான்தான் வழித்தேன். "சந்தனத்துக்கு எங்க போக, மஞ்சளை அரைச்சுப் பூசிவிடுங்க. திருச்சுழி கோயில்ல மொட்டை போட்டுட்டு வந்தேன்னு சொல்லிக்கிருவோம்" என்றாள். பூசிவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். நீ வந்தபோதெல்லாம் துண்டு கட்டியிருந்தாளே, அது உனக்காகக் கட்டியது. "பிள்ளை பயந்துரும்" என்பாள்.

நாமக்கல்லுக்கு நான் வந்துவிட்டால் அது இங்கே வந்து யாரைத் தேடும்?

வேளைக்குச் சாப்பிடு.
அப்பா


நாமக்கல்
5.7.2024

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். நீங்கள் நலமில்லை என்று முருகலட்சுமி அக்கா போன் பண்ணிச் சொல்லிவிட்டது.

"தம்பி, மாமாவுக்குச் சட்டை ஆணியில மாட்டுன மாதிரி தொங்குது. மைனா வராத அன்னைக்கு அடுப்பே பத்தவைக்க மாட்டேங்காக. நான் குழம்பு கொண்டு போயி வச்சாலும் மூடி வச்சது மூடினபடியே இருக்கு." அக்கா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

நேராகச் சொல்கிறேன். அது மைனா. அம்மா இல்லை. அம்மாவுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். சர்க்கரை வியாதிக்காரர் ஒரு பறவை வந்தால் சாப்பிடுவது, வராவிட்டால் பட்டினி கிடப்பது என்று இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? நீங்கள் எட்டாவது வரைக்கும் படித்தவர். யூனியன் மீட்டிங்கில் பேசியவர்.

ஒரு பந்தயம் வைப்போம். இத்துடன் பஸ் பார்சலில் ஒரு சின்னப் பாட்டில் மருந்து வரும். மல்லாங்கிணறு வழியாக வரும் வண்டி, ராத்திரிக்குள் வந்துவிடும். சோற்றைச் சின்ன உருண்டையாகப் பிடித்து அதில் ஒரே ஒரு சொட்டு. காக்கா போன பிறகு வையுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். கூடவே அவித்த முட்டை மஞ்சள் கரு கொஞ்சம். வெறும் சோற்றில் இறகு முளைக்காது. கூடையைக் கவிழ்த்துப் பிடித்து மருந்தைத் தலையில் தடவினால் இன்னும் சீக்கிரம் வேலை செய்யும். முடிந்தால் அப்படிச் செய்யுங்கள்.

இறகு முளைத்துவிட்டால் அது பூச்சி கடித்த வெறும் பறவைதான் என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டு என்னோடு கிளம்ப வேண்டும். முளைக்காவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சாப்பிடுங்கள். மைனா வந்தாலும் வராவிட்டாலும்.
மதன்குமார்


அருப்புக்கோட்டை
24.7.2024

மதனுக்கு. இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

பதில் போடத் தாமதம். ஆடிக் காற்றில் மாடியில் நிற்க முடியவில்லை. வைத்த சோறு பறக்கிறது. மைனா நாலைந்து நாள் வரவில்லை. பிறகு வந்தது. நான் ஏன் எழுதவில்லை என்று இதிலிருந்து தெரிந்துகொள்.

பார்சல் வந்தது. பாட்டில் அலமாரியில் அவள் மாத்திரை டப்பா இருந்த இடத்தில் இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. அதற்கு வலிக்குமா? உன் அம்மாவும் முதல் நாள் ஊசி குத்துகிற பெண்ணிடம் இதைத்தான் கேட்டாள். அந்தப் பெண் "வலிக்காதும்மா" என்றது. அதற்கும் சின்ன வயசுதான்.

கூடையைக் கவிழ்க்கச் சொல்கிறாய். அவளை நான் கூடையில் கவிழ்ப்பதா? அதை மட்டும் மறுபடி எழுதாதே.

முருகலட்சுமி வீட்டுக்காரர் குமாரலிங்கபுரத்துப் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வருகிறதாம், வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைக்கவா என்றார். காது கேட்காத வாட்ச்மேனை யார் வைப்பார்கள்? சிரித்துவிட்டு வந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு.
அப்பா


நாமக்கல்
30.7.2024

அப்பாவுக்கு வணக்கம். நலம். இங்கே வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

வலிக்காது. ஒரு சொட்டு. அதற்குத் தெரியவே தெரியாது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். இப்போது வெயில். ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். தலையில் ஒரு இறகு இல்லாத பறவை விடிய விடிய மரத்தில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். குளிர் தாங்காது. விறைத்து விழுந்துவிடும். மருந்து கொடுக்காமல் வைத்திருப்பது நீங்கள்தான்.

பதில் உடனே போடுங்கள்.
மதன்குமார்


அருப்புக்கோட்டை
18.8.2024

மதனுக்கு அப்பா. சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

மருந்து கொடுத்தேன். முதல் கடிதத்தில் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றாய். போன கடிதத்தில் விறைத்து விழும் என்றாய். எது நிஜம் என்று நான் கேட்கவில்லை. குளிர் என்று எழுதினாய் பார், அது போதும். கடைசி மாசத்தில், சித்திரை மாதிரி வெயில் அடிக்கும்போதுகூட, "மண்டை சில்லுங்குதுங்க" என்பாள். என் குற்றாலத் துண்டை எடுத்து நாலாக மடித்து அவள் தலையில் வைத்து உட்கார்ந்திருப்பேன். கையை எடுத்தால் விழித்துக்கொள்வாள்.

உருண்டை பிடிக்கும்போது கை தவறி ரெண்டு சொட்டு விழுந்துவிட்டது. அந்த உருண்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாகப் பிடித்தேன். அது வந்து தலையைச் சாய்த்தது. "தின்னு. உம் மகன்தான் குடுத்து விட்டுருக்கான்" என்றேன். தின்றது.

ரெண்டு தடவை ஆயிற்று. முட்டையும் வைக்கிறேன். மஞ்சள் கருவை அதற்கு வைத்துவிட்டு வெள்ளையை நான் தின்கிறேன். முருகலட்சுமியிடம் சொல்லிவிடு, நான் சாப்பிடுகிறேன் என்று.

வேளைக்குச் சாப்பிடு.
அப்பா


அருப்புக்கோட்டை
22.9.2024

மதனுக்கு. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. முருகலட்சுமியிடம் போனில் பேசினாயாம், நன்றாக இருக்கிறாய் என்றாள். சரி.

நல்ல சேதி. முளைக்கிறது. முதலில் காதோரம் கறுப்பாகப் புள்ளி வைத்த மாதிரி இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். இப்போது தலை பூராவும் முள் முள்ளாகக் குத்திட்டு நிற்கிறது. முருகலட்சுமி பார்த்துவிட்டு, "என்ன மாமா, அத்தை போலீஸ்காரவுக மாதிரி கிராப்பு வெட்டிருக்காக!" என்றாள். நேற்று என்னை முந்திக்கொண்டு வந்து சுவரில் காத்திருந்தது.

அவளுக்கும் மருந்து நிறுத்திய ரெண்டு மாசத்தில் இப்படித்தான் முளைத்தது. என் கையை எடுத்துத் தலையில் வைத்துத் தேய்க்கச் சொல்வாள். "புல்லு தரை மாதிரி இருக்கா?" என்பாள். இருந்தது. அது வளர்ந்து வாருகிற அளவுக்கு வருவதற்குள் நோய் மறுபடியும் வந்துவிட்டதே.

இந்தத் தடவை வளர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். ரெண்டு இட்லி கூடவே தின்றேன்.

வேளைக்குச் சாப்பிடு.
அப்பா


நாமக்கல்
29.9.2024

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் இந்த வருஷத்தின் முதல் நல்ல செய்தி.

நான் என்ன சொன்னேன்? ஐப்பசி என்றேன், புரட்டாசியிலேயே வந்துவிட்டது. அந்த முள்ளெல்லாம் குருத்து. ஒவ்வொன்றும் உறைக்குள் சுருட்டி வைத்த இறகு. மேல் உறை உதிர்ந்ததும் விரியும். இன்னும் மூன்று நாலு வாரத்தில் கறுகறுவென்று முழுத் தலையும் மூடிவிடும். மற்ற மைனாவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

பந்தயம் ஞாபகம் இருக்கட்டும். தீபாவளிக்கு என்னால் வர முடியாது. பண்ணைகளில் கோழி செத்து விழுகிற சீசன், லீவு கிடையாது. கார்த்திகையில் வண்டி பிடித்துக்கொண்டு வருகிறேன். பீரோவையும் கட்டிலையும் முருகலட்சுமி அக்கா வீட்டில் போட்டுவிடலாம். துணிமணியை மட்டும் எடுத்து வையுங்கள்.

மாத்திரையை விடாதீர்கள்.
மதன்குமார்


அருப்புக்கோட்டை
3.11.2024

மதனுக்கு. இருக்கிறேன். தீபாவளி போயிற்று. முருகலட்சுமி அதிரசம் கொடுத்தாள்.

மழை ஒரு வாரமாகப் பெய்தது. மாடிக்குப் போகவில்லை. வெறித்த பிறகு தீபாவளிக்கு மறுநாள் சோறு வைத்தேன். காக்கா வந்து போயிற்று. பிறகு மைனா வந்தது. ஒன்று இல்லை. ஆறோ ஏழோ. எல்லாவற்றுக்கும் தலை கறுப்பு.

எது என்று தெரியவில்லை, மதன்.

உன் அம்மா பேரைச் சொல்லி, "ஜெகதீசு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் எவ்வளவு சத்தமாகப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. எல்லாம் பறந்துவிட்டன. முருகலட்சுமி படியேறி ஓடி வந்தாள், நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து.

மறுநாளும் வந்தன. ஒவ்வொன்றாக முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் மூக்கு, கண்ணைச் சுற்றி மஞ்சள். எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கிறது. நீ எழுதியிருந்தாய், ஒரு வித்தியாசமும் தெரியாது என்று. அந்த வரியை அப்போது சரியாகப் படிக்கவில்லை.

அப்பா


நாமக்கல்
10.11.2024

அப்பாவுக்கு வணக்கம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? ராத்திரி சாப்பிட்டீர்களா? அக்காவிடம் கேட்டேன், "நீயே அவுககிட்ட கேளு தம்பி" என்று போனை வைத்துவிட்டது.

கண்டுபிடிக்க முடியும். இறகு மாறினாலும் பழக்கம் மாறாது. நான் சொல்கிறபடி பாருங்கள். காக்கா போன பிறகு முதலில் இறங்குவது எது? தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறது, வலதா இடதா? முன்னால் எந்தப் பக்கம் சாய்த்தது என்று ஞாபகப்படுத்துங்கள். உங்களுக்கு எவ்வளவு கிட்டே வருகிறது? கால் விரலைப் பாருங்கள், நகம் ஒடிந்திருக்கலாம். சுவரில் வழக்கமாக எந்த இடத்தில் உட்காரும்? அந்த இடத்தில் மட்டும் முட்டை மஞ்சள் கருவை வையுங்கள். சோற்றை வேறு பக்கம் தள்ளி வையுங்கள். முட்டையைத் தேடி நேராக வருவது அதுதான். அதற்கு மட்டும்தான் தெரியும். தினமும் செய்யுங்கள், ஒரு நாளில் தெரியாது.

நான் வந்தால் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று எழுத வந்தேன். நான் அதை மொட்டையாகப் பார்த்ததே இல்லை. ஒரு போட்டோகூடக் கேட்கவில்லை. அக்காவின் போனில் ஒன்றாவது இருக்குமா என்று விசாரியுங்கள்.

அது செத்திருக்காது. மருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நன்றாகத்தான் இருக்கும். அங்கேதான் இருக்கும், அந்த ஆறேழில் ஒன்றாக. அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன்.

பட்டினி கிடக்காதீர்கள் அப்பா. உடனே பதில் போடுங்கள்.
மதன்


அருப்புக்கோட்டை
1.12.2024

மதனுக்கு அப்பா எழுதுவது. இங்கே மழை விட்டது. நீ நன்றாக இரு.

நீ எழுதிய அடையாளமெல்லாம் பார்த்தேன். எல்லாமே தலையைச் சாய்க்கிறது. மைனா என்றாலே அப்படித்தான் போலிருக்கிறது. முன்னால் அது ஒன்றைத்தான் பார்த்தேன், அதனால் தெரியவில்லை. எந்தப் பக்கம் சாய்க்கும் என்று கேட்டாய். யோசித்து யோசித்துப் பார்த்தேன். தலையைத்தான் பார்த்திருக்கிறேன். பக்கத்தைப் பார்க்கவில்லை. முட்டையைத் தனியாக வைத்தேன். முதல் நாள் ரெண்டு வந்தன. அடுத்த நாள் எல்லாம் அங்கேயே வந்துவிட்டன. முருகலட்சுமி போனில் போட்டோ இல்லை. "எடுக்கணும்னு தோணல மாமா, பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றாள். உன் அம்மாவும் அந்தத் தலையோடு ஒரு போட்டோ எடுக்க விடவில்லை.

பத்து நாளாகச் சோறு வைக்கவில்லை. "நான் வைக்கவா மாமா?" என்று முருகலட்சுமி கேட்டாள். வேண்டாம் என்றேன். எதற்கு வைக்கிறோம் என்று தெரியாமல் வைக்கக் கூடாது.

உன்மேல் வருத்தமில்லை. நீ சொன்னது சரிதான். அது பூச்சி கடித்த பறவைதான். இறகு முளைத்துவிட்டது. பந்தயத்தில் நீ ஜெயித்தாய்.

நான் வாரேன். வண்டியெல்லாம் வேண்டாம், பஸ்ஸிலேயே வந்து கூட்டிக்கொண்டு போ. ஒரு பைதான் இருக்கிறது, துணியை எடுத்து வைத்துவிட்டேன். எந்த நாளாக இருந்தாலும் சரி. இங்கே என்னைத் தேடி வர ஒன்றும் இல்லை.

மருந்து முக்கால் பாட்டில் மிச்சம் இருக்கிறது. பையில் வைத்திருக்கிறேன். யாருக்காவது ஆகும்.

அப்பா